ஒத்தை சீட்டு சபா

“அண்ணாச்சி, அஞ்சே அஞ்சு நிமிசம்” என்று ஒலியப்பர் கூப்பிட்டால், அன்றைய ஞாயிற்றுக்கிழமை காலை கைவிட்டுப் போயிற்று என்று அர்த்தம். பால் பாக்கெட்டும் மல்லித்தழையுமாக நான் சொசைட்டி பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டு நிற்பேன். அவர் தன் சிவப்பு வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையை மணவறைக்கு அழைக்கிற மச்சான் மாதிரி நிற்பார். அந்த வண்டிக்குள் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். முதலில் இடுப்பு, அப்புறம் தலை, கடைசியில் ஒரு முனகலோடு ஒவ்வொரு காலாக. உட்கார்ந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிவது பக்கத்து வண்டியின் டயர்.

கதவைச் சாத்துவார். “சத்தத்தைக் கவனிச்சீங்களா? முன்னால ‘டங்’குன்னு கேக்கும். இப்ப ‘தொப்’புன்னு விழுது பாருங்க.” கவனித்திருக்க மாட்டேன். மறுபடி திறந்து மறுபடி சாத்துவார். தொப். இன்னொரு தடவை. தொப். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒலியப்பர்தான் என்று தெரிந்ததும் நாற்காலிக்குத் திரும்பிவிடுவான்.

அதற்கப்புறம்தான் பாட்டு. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்பது விநாடி. பல்லவிக்கு முன்னால் வருகிற இசை மட்டும். பாடகர் மூச்சை இழுத்து வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் ஒலியப்பரின் விரல் வந்து நிறுத்திவிடும். “கேட்டீங்களா?” என்பார். எதை என்று கேட்டால் மறுபடி ஓடும். இந்தப் பத்து வருஷத்தில் அவர் வண்டியில் நான் ஒரு முழுப் பாட்டு கேட்டதில்லை.

ஒலியப்பர் என்பது அவர் அப்பா அம்மா வைத்த பெயரில்லை. கும்பகோணத்துப் பக்கம் உப்பிலியப்பன் உப்பே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். எங்கள் ஆளுக்கு உப்பு, காரம், தூக்கம் எது இல்லாவிட்டாலும் சரி, ஒலி வேண்டும். அதனால் சூட்டிய பெயர். நவி மும்பை ஐரோலியில் சொசைட்டிக்கு ஒரு ஒலியப்பராவது உண்டு. மைண்ட்ஸ்பேஸில் வேலை, பாதி அடைந்த வீட்டுக் கடன், பத்து வயதில் ஒரு பையன், பெல்ட்டுக்கு மேல் லேசாக எட்டிப் பார்க்கிற தொப்பை, நாற்பதைத் தொடும்போது திடீரென்று பிடித்துக்கொள்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. எங்களவர் வாங்கியது ரெண்டு கதவு வண்டி, செகண்ட் ஹாண்ட். கம்பெனிப் பெயர் வேண்டாம். பின் சீட்டு உண்டு. அதில் பையனின் ஸ்கூல் பை சௌகரியமாக உட்காரும். பையன் உட்கார முடியாது.

இந்த ஆசைக்கு விதை 1990-களின் கடைசியில் விழுந்தது என்பார். அப்போது கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஒரு வண்டி செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம், உடம்பு ஃபைபர் கிளாஸ், கூரையைத் திறந்துவிட்டு ஓட்டலாம். அந்த நாளில் இவர் காலேஜ் பையன். வண்டியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி தாராவி வீட்டுச் சுவரில், முருகனுக்கும் ரஜினிக்கும் நடுவில் ஒட்டியிருந்தாராம்.

தாராவி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவருடைய காதுக்கு அஸ்திவாரம் போட்டது அந்த வீடுதான். 90 அடி ரோட்டுக்குப் பின்னால், பத்துக்குப் பத்து அறை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஆறு பேர், ஒரு டூ-இன்-ஒன். அதிலிருந்து ஒரு வயரை இழுத்து, தனி ஸ்பீக்கர் ஒன்றை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைப்பாராம் அப்பா. நம் ஊரில் டீக்கடை, சலூன் எல்லா இடத்திலும் பார்த்த வித்தைதான். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று அடித்துத் தின்றுவிடாமல் பானை தடுக்கும். அதன் வயிற்றில் காற்று சுழன்று ‘தும் தும்’ என்று அடிநாதம் வரும். செலவு பானைக்கு ஆனதுதான். இன்று அதே தத்துவத்துக்கு ஒலியப்பர் கொடுத்திருக்கும் தொகையில் மானாமதுரையில் ஒரு சூளையையே விலை பேசலாம்.

எப்படித் தொடங்கியது என்று கேட்டால், ஸ்டீரியோ மட்டும் மாற்றுவதாகத்தான் திட்டம். அது அப்படித்தான் தொடங்கும். வேட்டிக்குப் பொருத்தமாகச் சட்டை, சட்டைக்குப் பொருத்தமாகச் செருப்பு, செருப்புக்குப் பொருத்தமாக வீடு என்று போகிற கதை. புது ஸ்டீரியோவின் பெட்டியில் 50 வாட் இன்ட்டு நாலு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருக்கிற சின்ன ஆம்ப்பைக் கொண்டு, கார் பேட்டரியின் பன்னிரண்டு பதினாலு வோல்ட்டில், ஸ்பீக்கருக்கு இருபது வாட் சுத்தமாக வந்தால் பெரிசு. இதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவர்தான் எனக்குச் சொன்னார், பெட்டியைப் பிரித்த மறுநாள், ஏமாந்தவனின் அறிவோடு. எனவே தனி ஆம்ப். ஆம்ப் வந்ததும் பழைய ஸ்பீக்கர் தாங்காது என்று புது ஸ்பீக்கர். புது ஸ்பீக்கர் ஆறரை அங்குலம், அதற்குத் துணையாக மூக்குத்தி மாதிரி ட்வீட்டர். பேஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும், கதவு ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் போகாது என்பதால் டிக்கியில் வூஃபர்.

வாட்டைப் பற்றி ஒரு கசப்பான கணக்கு உண்டு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் மூன்று டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் சுமார் பத்து மடங்கு வேண்டும். கணக்கில் இரக்கமே கிடையாது. ஆனால் கடைக்காரருக்கு இதைவிட இனிமையான சூத்திரம் வேறெதுவும் இல்லை.

குர்லா சி.எஸ்.டி. ரோட்டுக்கு நானும் கூடப் போனேன். வரிசையாக கார் சாமான் கடைகள், ரோடே ஒர்க்‌ஷாப். உஸ்தாத் ஒரு பிளாஸ்டிக் கட்டையைக் கதவுப் பலகையின் ஓரத்தில் நுழைத்து, நுங்கு தோண்டுகிற மாதிரி ஒரு நெம்பு நெம்பினார். ‘பட் பட் பட்’ என்று கிளிப்புகள் விட்டுக்கொண்டு வந்தன. ஒவ்வொரு ‘பட்’டுக்கும் ஒலியப்பர் கண்ணை மூடித் திறந்தார், அவர் மனைவிக்குப் பிரசவம் ஆனபோதுகூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பலகை வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரின் கதவு வெறும் தகரம். விரலால் சுண்டினால் எண்ணெய் டின் சத்தம். அதன்மேல் ஒரு பக்கம் தார் மாதிரி ஒட்டுகிற, மறுபக்கம் அலுமினியம் பளபளக்கிற ஷீட்டை வைத்துச் சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்தார்கள். சப்பாத்திக் கட்டை பழகிய கை. ‘டங்’ ‘தொப்’பாக மாறியது அங்கேதான்.

ஷீட் பன்னிரண்டு கிலோ. வூஃபர், ஆம்ப், வயர் எல்லாம் சேர்ந்து இன்னும் இருபது. ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவன் ஒரு கிலோவைக் குறைக்க ராத்தூக்கம் கெட்டு உழைக்கிறான்; இவர் ஒரு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு, “பிக்கப் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, இல்ல அண்ணாச்சி?” என்று என்னைக் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரே பரவசம். “என்னா ஒரு சுத்தம்! முன்ன மாதிரி ‘தொம் தொம்’னு குழப்பம் இல்ல. பேஸ் அடங்கி, நாகரிகமா இருக்கு. இதுக்குப் பேருதான் துல்லியம்.” இரண்டு வாரம் இந்தத் துல்லியத்தைக் கேட்க ஆபீஸ் நண்பர்கள், மச்சினன், பையனின் டியூஷன் மாஸ்டர் என்று ஒவ்வொருவராக அந்த சீட்டில் இறக்கப்பட்டார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். கடைசியில் திவா கிராமத்தில் கணபதி மண்டலுக்கு மைக்செட் கட்டுகிற பதினேழு வயசுப் பையன் ஒருவன் வந்தான். பத்து விநாடி கேட்டான். ஒரு கதவு ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கி பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் சொருகினான். வண்டி குலுங்குகிற அளவுக்கு பேஸ் வந்து நின்றது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கதவில் வயர் தலைகீழ். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது. பேஸ் முழுவதும் நடுவழியிலேயே ஒன்றையொன்று தின்று தீர்த்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்த மாதிரி. அந்த வெறுமைக்குத்தான் இவர் துல்லியம் என்று பெயர் வைத்திருந்தார். பையன் நூறு ரூபாய் கூட வாங்கவில்லை. ஒலியப்பர் மூன்று நாள் என் கண்ணில் படாமல் லிஃப்ட்டை விட்டுப் படியில் ஏறினார்.

கார் பாட்டுக்கும் விபத்துக்கும் பிறந்த நாளிலிருந்தே உறவு. 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் காருக்கான ரேடியோவை விற்கத் தொடங்கினார். மோட்டாரையும் அந்நாளில் பிரபலமான விக்ட்ரோலா கிராமபோனையும் ஒட்டி அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார். கடன் கேட்கப் போன வங்கிக்காரரின் காரில் ஒன்றை மாட்டிக் கொடுத்தாராம். அரைமணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்ததாம். கதை எவ்வளவு நிஜமோ. ஒலியப்பர் மட்டும் இதைக் கேட்டால் சிரிக்காமல், “ஃப்யூஸ் போட்டிருக்க மாட்டான்” என்பார். பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ் போடுவதில் அவர் கறாரானவர். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை எல்லாரும் கேட்கலாம்.

அப்புறம் வந்தது ‘கிர்ர்’.

ஒரு குறிப்பிட்ட பாட்டில், பேஸ் கிடார் கீழே இறங்கி ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போது மட்டும் எங்கேயோ ‘கிர்ர்’ என்று ஒரு நடுக்கம். மூன்று வாரம் தேடினார். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் கீழே இறங்கி, அந்தச் சுரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, டாக்டர் ஸ்டெத் வைக்கிற மாதிரி டேஷ்போர்டில் காதை வைத்துக் கிடப்பார். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம். சீட் பெல்ட் கொக்கிக்கு டேப். கண்ணாடிச் சட்டத்துக்கு ரப்பர். கியர் குச்சியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினார். கடைசியில் கையுறைப் பெட்டியின் மூலையில் அகப்பட்டது: செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு அவர் அம்மா வைத்த விபூதி டப்பி. மூடி லேசாகத் தளர்ந்திருந்தது. எடுத்துவிடலாமா என்றால் அம்மா வைத்தது, அதுவும் முருகன். ஒலியப்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிச்சமிருந்த ஃபோமைச் சுற்றித் திருப்பி வைத்தார். ஒலி தடுக்கப்பட்ட விபூதி உலகத்திலேயே அந்த ஒரு வண்டியில்தான் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் பாட்டைக் கேட்கிறவர் எத்தனை பேர்? இங்கேதான் வேடிக்கை. காரில் டிரைவர் நடுவில் உட்காருவதில்லை. வலது கதவு ஸ்பீக்கர் அவருக்குக் கிட்ட, இடது கதவு ஸ்பீக்கர் அரை மீட்டர் தள்ளி. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. அப்படியென்றால் இடப்பக்கத்துச் சத்தம் ஒன்றரை மில்லி விநாடி பிந்தி வருகிறது. அவ்வளவு போதும், பாடகர் நடுவில் நிற்காமல் வலது கதவில் சாய்ந்துகொண்டு பாடுவது போலிருக்கும். இதற்கென்றே ஒரு கருவி வாங்கி, வலது ஸ்பீக்கரை அதே ஒன்றரை மில்லி விநாடி காக்க வைத்து, பாடகரைச் சரியாக ஸ்டியரிங்குக்கு மேலே நிறுத்திவிட்டார். அந்த சீட்டில் உட்கார்ந்தால், நிஜமாகவே, அதிசயமாகத்தான் இருக்கிறது. வயலின்கள் கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிந்து நிற்கும். இளையராஜா 1978-இல் ‘ப்ரியா’வின் பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செய்தபோது இடது வலது பிரித்து வைத்த நுணுக்கமெல்லாம் இத்தனை வருஷம் கழித்து ஐரோலி பார்க்கிங்கில் வந்து சேர்கிறது. நாற்பது விநாடிக்கு.

ஆனால் இடது சீட்டில் இருப்பவருக்குக் கணக்கு இரண்டு மடங்காகக் கெடுகிறது. கிட்ட இருக்கிற ஸ்பீக்கர் முதலிலேயே முந்திக்கொள்கிறது; தூரத்து ஸ்பீக்கரையோ கருவி வேறு பிடித்து வைத்திருக்கிறது. “அவியளுக்கு எஸ்.பி.பி. முன்னால நின்னு பாடுதாராம் அண்ணாச்சி. எனக்கு இந்தக் கதவுப் பைக்குள்ள இருந்து, தண்ணி பாட்டில் பக்கத்துல உட்கார்ந்து பாடுதாரு” என்றார் அவர் மனைவி. மாட்டுங்காவில் ஷண்முகானந்தா சபா இருக்கிறது. 1963-இல் திறந்து, 1990-இல் தீக்கிரையாகி, மறுபடி கட்டி 1998-இல் திறந்தார்கள். இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சீட்டு. மேல் பால்கனியில் கடைசி வரிசைக்காரனுக்கும் தம்புரா கேட்க வேண்டுமே என்று கவலைப்பட்ட கூட்டம் அது. ஒலியப்பர் சபாவில் சீட்டு ஒன்று. அதுவும் வித்வானுக்கே ரிசர்வ்.

அந்த சபாவும் பார்க்கிங்கில் நிற்கும்போதுதான். ஸ்பிரிங் விறைப்பு, டயர் தடிமன், எக்ஸாஸ்ட் உறுமல். தானே–பேலாப்பூர் ரோட்டில் எண்பதில் போனால் வண்டிக்குள் சுமார் எழுபது டெசிபல் இரைச்சல். எக்ஸாஸ்ட் உறுமலுக்காகக் காசு கொடுத்தவர், அது கேட்காமலிருக்கத் திரும்பக் காசு கொடுத்திருக்கிறார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அவர் பையன் சொன்னது. மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 என்கிற இருவர் வண்டியில், கூரை திறந்திருந்தாலும் கேட்க வேண்டுமென்று சில மாடல்களில் தலைசாய்ப்பிலேயே ஸ்பீக்கரை வைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தியை ஒலியப்பரிடம் நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ரபாலே அருகே டயர் பக்கவாட்டில் கிழிந்த கதையைச் சொல்லாவிட்டால் அவர் மனைவி என்னை மன்னிக்க மாட்டார். இரவு ஒன்பதரை, லேசான மழை. பங்ச்சர் கடைப் பையன் ஜாக்கியை ஏற்றிவிட்டு, “ஸ்டெப்னி நிகாலோ சாப்” என்றான். ஒலியப்பர் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில், அளவெடுத்து, பஞ்சு வைத்து, கறுப்புக் கம்பளம் போர்த்தி, வட்டமாக, கர்வமாக வூஃபர் உட்கார்ந்திருந்தது. பையன் டார்ச் அடித்துப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். வட்டமாகத்தான் இருக்கிறது என்ற நியாயத்தில், “இஸ்கோ லகாவூ க்யா?”, இதையே மாட்டட்டுமா என்று கேட்டான். ஸ்டெப்னி வீட்டுப் பால்கனியில், துளசிமாடத்துக்கு அண்டை கொடுத்தபடி இருந்தது. நான்தான் என் பழைய வேகன்-ஆரில் அதை எடுத்துக்கொண்டு போனேன். என் வண்டியில் கம்பெனி கொடுத்த இரண்டு ஸ்பீக்கர். ஒன்று மட்டும் பாடும். திரும்பும் வழியில் அவர் மனைவி என் வண்டியில் ஏறிக்கொண்டார். விவித பாரதியில் பழைய பாட்டு ஒன்று பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று முழுசாக ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளம் மட்டும் போட்டுக்கொண்டு வந்தார்.

முலுண்டு பாலத்தில் ஐரோலி நாக்கா சுங்கம் இருந்த காலம் ஒலியப்பருக்குப் பொற்காலம். காசு கொடுக்கக் கண்ணாடியை இறக்கித்தானே ஆகவேண்டும்? சரியாக இசை உச்சத்தில் இருக்கும்படி கணக்குப் பண்ணி இறக்குவார். சுங்கப் பையன்களில் ஒருவன் ஒருநாள் தலையாட்டினானாம். அதை ஒரு விருது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். 2024 அக்டோபரில் மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் சின்ன வண்டிகளுக்குச் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊரே கொண்டாடியது. இவர் ஒருவர்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “இனிமே யாரு கேப்பா?” என்றார்.

போன மாதம் வண்டியை விற்றுவிட்டார். முதுகுவலி என்று காரணம் சொன்னார். இந்த வயதில் தினம் இரண்டு வேளை தரைக்கு இறங்கி ஏறினால் வராமல் என்ன செய்யும்? வாங்க வந்தவன் தானேக்காரன், இருபத்தைந்து வயசு. ஒலியப்பர் குளித்து, விபூதி இட்டு, பென்டிரைவ் சொருகி, தன் சீட்டில் அவனை உட்கார வைத்தார். நாற்பது விநாடியில் பதினைந்துகூட ஆகியிருக்காது. பையன் கையை நீட்டி பட்டனை அமுக்கினான். “பெஹலே கானா பந்த் கரோ அங்கிள். இஞ்சின் சுன்னா ஹை.” பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்து, கண்ணை மூடி, எக்ஸாஸ்ட் உறுமலை முழுசாகக் கேட்டான். பேரம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மியூசிக் சிஸ்டத்துக்குத் தனியாக என்ன தருவாய் என்று கேட்டதற்கு, வேண்டுமானால் கழற்றிக்கொள்ளுங்கள், எடை குறையும் என்றுவிட்டான்.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு இரண்டு கதவு ஸ்பீக்கர், ஆம்ப், வூஃபர், மடித்த வயர்ச் சுருள்கள், ஓரத்தில் ஃபோம் சுற்றிய விபூதி டப்பி. நடுவில் ஒலியப்பர் சம்மணமிட்டு, டேப் வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். முகத்தில் துக்கமே இல்லை.

“எலெக்ட்ரிக் வண்டி புக் பண்ணியிருக்கேன் அண்ணாச்சி. நாலு கதவு, பையனும் உட்காரலாம். இஞ்சினே கிடையாதா, சத்தமே இருக்காது.”

“நல்லதாப் போச்சு. இனிமே நிம்மதியாப் பாட்டுக் கேட்கலாம்.”

“அதெப்படிக் கேக்க முடியும்?” என்று நிமிர்ந்து பார்த்தார். “இஞ்சின் சத்தம் இல்லன்னா டயர் சத்தம் தனியாக் கேக்குமே. அதுக்குன்னு புதுசா ஒரு ஷீட்டு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை குர்லா வரைக்கும் சும்மா வாங்களேன்.”